ஃபிஸ்டுலாவுக்கு முந்தைய ஆறு வாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் கையை நீட்டும்போதே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்: "எனக்கு நரம்பே கிடைக்காது." அவர்கள் நரம்பு என்று சொல்வது சிரையை. ஊசி போடுகிறவர்கள் தேடித் தேடி, இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்து, கடைசியில் சலிப்போடு சொன்ன வார்த்தை அது. நோயாளி அதைத் தன் உடம்பின் குறையாகவே எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் சுமக்கிறார்.

இந்த ஆய்வில் வருபவரும் அதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். வயது 54. தையல் வேலை செய்பவர், வலது கைப் பழக்கம். 17 வருடமாகச் சர்க்கரை நோய், 10 வருடமாக ரத்த அழுத்தம். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கையைப் பற்றியதை மட்டும் முழுமையாக எழுதுகிறேன். நான் இதில் உடற்பயிற்சிப் பகுதியைப் பார்த்துக்கொண்டவன். அறுவை சிகிச்சை செய்தவரும், ஸ்கேன் எடுத்தவரும், டயாலிசிஸ் செவிலியர்களும் சேர்ந்து செய்த வேலை இது.

சிறுநீரகம் பழுதாகிவருவது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் டயாலிசிஸ் என்ற பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஒருநாள் இரவு மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு வந்தார். வலது கழுத்துச் சிரையில் கதீட்டர் என்னும் குழாயைப் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, தோலுக்கு அடியில் சுரங்கம்போல ஓடும் நீண்டகால கதீட்டர் வைத்தார்கள். வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம். கதீட்டரின் ஒரு முனை வெளியே, மறுமுனை இதயத்தின் வாசலில். அதன் வழியாகக் கிருமி போனால் நேராக ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கதீட்டருக்குப் பதிலாகக் கையிலேயே டயாலிசிஸுக்கான வழியாக ஃபிஸ்டுலா அமைக்க வேண்டும் என்று முடிவானது. அறுவைக்குக் கிடைத்த தேதி ஏழு வாரம் தள்ளி.

இந்த ஏழு வாரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். பொதுவாக இது வெறும் காத்திருப்பாகவே போய்விடும். நோயாளிக்கு ஒரு தேதி தெரியும், வேறொன்றும் தெரியாது.

முதல் ஸ்கேனும் என் சந்தேகமும்

ஃபிஸ்டுலா என்றால் கையில் ஓடும் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைத்துவிடுவது. தமனியின் வேகமான ரத்தம் சிரைக்குள் பாய்ந்து, சில வாரங்களில் சிரை பெருத்து, சுவர் தடித்து, பெரிய ஊசிகளை வாரம் மூன்று முறை தாங்கும் நிலைக்கு வரும். இதைத்தான் பழுப்பது என்கிறோம். 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் டெஃப்லான் குழாயைத் தமனியிலும் சிரையிலும் வைத்துத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். ஆனால் தோலுக்கு வெளியே கிடக்கும் அந்தக் குழாயில் தொற்றும் அடைப்பும் ஓயவில்லை. 1966-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவர்களான பிரெசியாவும் சிமினோவும் அவர்களுடைய அறுவை நிபுணர் ஆப்பெலும் மணிக்கட்டுத் தமனியைப் பக்கத்துச் சிரையோடு இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் முதலில் யோசிப்பது அந்த மணிக்கட்டு இணைப்பைத்தான்.

ஏன் மணிக்கட்டு? கையில் இடங்கள் குறைவு. கீழே தொடங்கினால், அது பழுதானாலும் மேலே முழங்கை இருக்கும், அதற்கு மேலே மேற்கை இருக்கும். மேலே தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கீழே திரும்ப முடியாது. முழங்கை இணைப்பில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தம் குறைந்து கை சில்லிட்டு வலிக்கும் வாய்ப்பும், இதயத்துக்குச் சுமை கூடும் வாய்ப்பும் அதிகம். ஆனால் மணிக்கட்டில் சிரை மெலிதாக இருந்தால் அந்த ஃபிஸ்டுலா பழுக்காமலே போகும். பெண்களுக்கும், நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். இவர் இரண்டிலும் சேர்ந்தவர்.

இடது கையில், ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டுப்பட்டை கட்டிய நிலையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் செஃபாலிக் சிரை மணிக்கட்டில் 1.7 மி.மீ., முன்கை நடுவில் 1.9, முழங்கையில் 2.8. மணிக்கட்டுத் தமனியான ரேடியல் தமனி 2.1 மி.மீ., சுவரில் ஆங்காங்கே சுண்ணாம்புப் படிவு, ஓட்டம் பரவாயில்லை. உள்ளங்கைக்கு ரத்தம் கொண்டுபோகும் இன்னொரு தமனி நன்றாக வேலை செய்தது. தோள்வரை சிரையில் அடைப்பில்லை. இடது பக்கம் இதற்குமுன் கதீட்டரோ பேஸ்மேக்கரோ வைத்ததில்லை.

பல மையங்களில் கட்டுப்பட்டை கட்டியபின் சிரை 2.5 மி.மீ., தமனி 2 மி.மீ. இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் சிரைக்கு 2 மி.மீ. போதும் என்பார்கள். 1.7 எந்தக் கணக்கிலும் சேராது. முழங்கையிலேயே செய்துவிடலாம் என்ற கருத்து வலுத்தது. அறுவை நிபுணர் மட்டும் என்னிடம் கேட்டார்: "ஆறு வாரம் இருக்கு. கைக்கு ஏதாவது செய்ய முடியுமா? அப்புறம் மறுபடி ஸ்கேன் எடுத்து முடிவு பண்ணலாம்."

ஸ்கேன் தாளை வாங்கி அதில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். டயாலிசிஸ் முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அன்று 2.8 லிட்டர் நீர் எடுத்திருந்தார்கள். குளிரூட்டிய அறை, மெல்லிய சட்டை. உடம்பில் நீர் குறைந்து, கையும் சில்லிட்டிருந்தால் சிரை சுருங்கத்தான் செய்யும். அப்படி எடுத்த அளவை அடிப்படையாக வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தால், ஆறு வாரம் கழித்து வேறு சூழ்நிலையில் எடுக்கும் ஸ்கேனில் சிரை தானாகவே பெரிதாகத் தெரியும். அதைப் பயிற்சியின் வெற்றி என்று நாங்களும் நம்பிவிடுவோம்.

அதனால் இரண்டு நாள் கழித்து மறுபடி எடுக்கக் கேட்டோம். டயாலிசிஸுக்கு முன், 15 நிமிடம் கையைப் போர்வைக்குள் வைத்திருந்து, உட்கார்ந்த நிலையில் கையைத் தொங்கவிட்டு, மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி 60 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிறுத்தி எடுத்தோம். ஸ்கேன் கருவியை அழுத்தாமல் தோல்மேல் ஜெல்லில் மிதப்பதுபோல வைத்து, ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை அளந்து சராசரி போட்டோம். மணிக்கட்டில் 1.9, முன்கை நடுவில் 2.1, முழங்கையில் 2.9. ஒரு பந்தைக்கூட அமுக்காமல் 0.2 மி.மீ. கூடிவிட்டது! வலது கையையும் அதேபோல அளந்து வைத்துக்கொண்டோம்: மணிக்கட்டில் 2.0. அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்கப் போவதில்லை. கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று நினைத்தோம்.

பயிற்சி என்ன செய்யும்

"இந்தப் பந்தை அமுக்கினா நரம்பு வந்துடுமா சார்?" என்று அவர் கேட்டார். நேர்மையான கேள்வி. பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும்.

கையை இறுக்கி விடும்போது முன்கைத் தசைகளுக்கு அதிக ரத்தம் தேவைப்படுகிறது. தமனியில் ஓட்டம் கூடுகிறது. சிரை வழியாகத் திரும்பும் ரத்தமும் கூடுகிறது. வேகமாக ஓடும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டு போகிறது. அந்த உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்கள் உரசலை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. அது சுவரில் உள்ள தசையைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது. பயிற்சி நின்றதும் திரும்பச் சுருங்கும். ஆனால் இது தினமும், வாரக்கணக்கில் நடந்தால் குழாயே தன் அளவை மெல்ல மாற்றிக்கொள்ளத் தொடங்கும்.

ஃபிஸ்டுலா பழுப்பதும் இதே இயக்கம்தான், அளவு மட்டும் மிகப் பெரிது. சாதாரணமாக ரேடியல் தமனியில் நிமிடத்துக்கு 20 முதல் 30 மி.லி. ரத்தம் ஓடும். இணைத்தவுடனே அது 200, 300 என்று ஏறிவிடும். பழுத்தபின் 600-ஐத் தாண்டும். அந்த வெள்ளத்துக்குச் சிரையும் தமனியும் விரிந்து கொடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த உட்சுவர்ச் செல்களின் திறன் ஏற்கெனவே மங்கிப்போயிருக்கும். சர்க்கரை நோய் அதை இன்னும் மங்கவைக்கும். அறுவைக்கு முந்தைய பயிற்சியை அந்த வெள்ளத்துக்கான சின்ன ஒத்திகை என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆதாரம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். 2003-லேயே சிறுநீரக நோயாளிகளுக்குச் சில வாரம் கைப்பிடிப் பயிற்சி கொடுத்து, முன்கைச் சிரை பெரிதானதைக் காட்டிய ஆய்வு வந்துவிட்டது. தமனியின் விரியும் திறன் மேம்பட்டதைக் காட்டியவையும் உண்டு. ஆனால் இவையெல்லாம் சிறிய ஆய்வுகள். சிரை சில பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெரிதாவதும், ஃபிஸ்டுலா நன்றாகப் பழுத்து வருடக்கணக்கில் உழைப்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பயிற்சியால் பெரிய தீங்கில்லை, செலவில்லை, காத்திருக்கும் நாட்களும் இருக்கின்றன என்பதால்தான் நாங்கள் செய்கிறோம்.

அவரிடம் நான் சொன்னது இதன் சுருக்கம்: "வந்துடும்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. வர வாய்ப்பு கூடும். ஆனா கையை நீங்க காப்பாத்தணும், அது பந்தைவிட முக்கியம்."

ஆறு வாரம்

முதலில் இதயத்தைப் பார்த்தோம். எக்கோவில் இதயத்தின் அழுத்தும் திறன் நன்றாக இருந்தது. நெஞ்சுவலி இல்லை. ரத்த அழுத்தம் 150/84. கையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியில், அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யச் சொன்னோம். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. கட்டுப்படாத ரத்த அழுத்தம், அடிக்கடி வரும் நெஞ்சுவலி, கையில் வீக்கம் அல்லது சிரையில் ரத்தக்கட்டு இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்குவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை பொதுவாகத் தேர்வில் வராது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே தொடங்காமல், தங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கைப்பிடி வலுவை அளந்தோம். இடது கையில் 11 கிலோ. தைக்கும்போது துணியைத் தள்ளுவதற்கு மட்டும் பயன்பட்ட கை அது, நோயும் தசையைக் கரைத்திருந்தது. முழு வலுவில் 30 முதல் 40 விழுக்காடு அளவுக்கு இறுக்கினால் போதும் என்பதால் மெத்தென்ற பந்தில் தொடங்கினோம். மூன்று எண்ணும்வரை இறுக்கி, மூன்று எண்ணும்வரை முழுவதுமாக விரித்து விட வேண்டும். பலரும் இறுக்குவதை மட்டும் கவனிப்பார்கள்; விரல்களை விரிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ரத்தம் பாய்ந்து வருவது விடும் நேரத்தில்தான். முதல் வாரம் தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று முறை. நான்காம் வாரத்தில் பந்தை விட்டு ஸ்பிரிங் கைப்பிடிக்கு மாறினோம். அதோடு ஒரு கிலோ எடையைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவதும், மணிக்கட்டை மேலும் கீழும் அசைப்பதும் சேர்ந்தன. விரல்கள் மட்டும் வேலை செய்வதைவிட முழுக்கை வேலை செய்தால் ஓட்டம் கூடும் என்பது எங்கள் கணிப்பு.

சிலர் மேற்கையில் லேசாகக் கட்டுப்பட்டை கட்டிப் பயிற்சி கொடுப்பார்கள். கட்டாமல் செய்வதைவிட அது மேல் என்று தெளிவாகக் காட்டப்படவில்லை. தனியாக வீட்டில் இருக்கும்போது இறுகக் கட்டிக்கொண்டு மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் எனக்கு இருந்தது. எனவே தவிர்த்தோம்.

டயாலிசிஸ் நாட்களில் ஒரு வசதி கிடைத்தது. கதீட்டர் கழுத்தில் இருந்ததால் கை சும்மா கிடந்தது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறை செய்யவைத்தோம். அதற்குப்பிறகு நீர் குறைந்து ரத்த அழுத்தம் இறங்கும், களைப்பும் வரும். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது நாளே ஒருவர் தனக்கும் பந்து கேட்டார். அவருக்கு ஏற்கெனவே ஃபிஸ்டுலா ஓடிக்கொண்டிருந்தது, அதிலேயே ஊசிகள் செருகியிருந்தன. அந்தக் கையை டயாலிசிஸ் நடக்கும்போது அசைக்கவே கூடாது என்று அவரிடம் விளக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் நடந்ததைச் சொல்லும்போது இன்னும் மனம் கசக்கிறது. காய்ச்சலுக்காக வேறோர் இடத்தில் காட்டப் போயிருக்கிறார். அங்கே ரத்தம் எடுக்க இடது கையைக் கேட்டிருக்கிறார்கள். பயிற்சியால் சிரை சற்றுத் தெரிய ஆரம்பித்திருந்ததால் "இங்கே நல்லா இருக்கே" என்று முன்கை நடுவிலேயே ஊசி போயிருக்கிறது. அவர் தயங்கியிருக்கிறார், ஆனால் மறுத்துச் சொல்லவில்லை. மறுநாள் வரும்போது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. நாங்கள் எந்தச் சிரையை வளர்க்கப் பாடுபட்டோமோ, அதே சிரை.

தவறில் பாதி எங்களுடையது. கையைக் காப்பாற்ற வேண்டும் என்று வாயால் சொன்னோமே தவிர, யாரிடமாவது காட்டுவதற்கு அவர் கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. ஊசியோடு நிற்கிறவர் முன்னால் ஒரு நோயாளி "இந்தக் கை வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசிக்கவில்லை. அன்றே ஒரு அட்டை எழுதிக் கொடுத்தோம்: "இடது கையில் ஊசி, ரத்த அழுத்தப் பட்டை வேண்டாம். ரத்தம் எடுக்க வலது புறங்கை." மணிக்கட்டில் போட்டுக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தோம். மருமகளையும் அழைத்துப் பேசினோம். டயாலிசிஸின்போது எடுக்க வேண்டிய ரத்தமெல்லாம் இயந்திரத்தின் குழாயிலிருந்தே எடுக்கலாம், தனியாகக் குத்தவே வேண்டாம் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வீக்கம் வடியும்வரை ஆறு நாள் பயிற்சியை நிறுத்தினோம். ஸ்கேனில் சிரைக்குள் ரத்தக்கட்டு இல்லை என்று உறுதியானபின் மறுபடி பந்திலிருந்து தொடங்கினோம். அதற்கப்புறம் அவர் பயிற்சியைத் தவறவிட்டதே இல்லை. கன்றிய கையைப் பார்த்தபோதுதான் அது தன் சிரை, தன்னுடைய பொறுப்பு என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். தையல் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நாளுக்கு மூன்று கோடு போட்டுக்கொண்டு வந்தார். கோடு விட்டுப்போன நாட்கள் டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றிய நாட்கள் மட்டுமே.

இரண்டாவது ஸ்கேன்

ஆறு வாரம் முடிந்து, அதே அறை, அதே போர்வை, அதே 60 மி.மீ. அழுத்தம். அளந்தவருக்கு முதல் அளவுகளைக் காட்டவில்லை.

மணிக்கட்டில் 2.4 மி.மீ. முன்கை நடுவில் 2.7. முழங்கையில் 3.1. ரேடியல் தமனி 2.2. கைப்பிடி வலு 15 கிலோ. பயிற்சி செய்யாத வலது கையில் மணிக்கட்டுச் சிரை 2.0-விலிருந்து 2.1.

தமனியின் 0.1 மாற்றத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அளக்கும் கையின் நடுக்கத்துக்குள் அடங்கிவிடும் வித்தியாசம் அது. சிரையின் 0.5 அப்படியல்ல. 1.9-விலிருந்து 2.4 என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு கூடியிருக்கிறது. குழாயின் ஓட்டத் தடை ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் தடை பழைய அளவில் சுமார் 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டருக்கு அறுவை நிபுணர் ஏன் இவ்வளவு அலைகிறார் என்பதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் முதலில் எடுத்த 1.7-ஐ அடிப்படையாக வைத்திருந்தால் 0.7 கூடியது என்று எழுதியிருப்பேன். அது பொய்யாக இருந்திருக்கும். வலது கையும் அசையாமல் நின்றதால், உடம்பின் நீர் அளவோ மருந்து மாற்றமோ இதற்குக் காரணம் அல்ல என்று ஓரளவு நம்பலாம். ஓரளவுதான். ஆறு வாரமாக (அந்த ஒருமுறை தவிர) அந்தக் கையில் யாரும் ஊசி போடவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பயிற்சி எவ்வளவு, பாதுகாப்பு எவ்வளவு என்று ஒரே ஒருவரின் கையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

மணிக்கட்டிலேயே செய்வது என்று முடிவானது.

அறுவையும் அதற்குப்பின்னும்

கைக்கு மட்டும் மரத்துப்போகும்படி தோள்பட்டை அருகே நரம்புக் கற்றையில் மருந்து செலுத்தினார்கள். இங்கே சொல்வது உண்மையான நரம்பு. இந்த முறை வலியை மட்டும் நிறுத்துவதில்லை, சிரைகளையும் விரியவைக்கிறது. 2016-இல் லான்செட் இதழில் வந்த 126 பேர் அடங்கிய ஆய்வில், இப்படி மரக்கவைத்தவர்களில் 84 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்தில் ஃபிஸ்டுலா அடைபடாமல் ஓடியது. வெட்டும் இடத்தில் மட்டும் மரக்கவைத்தவர்களில் 62 விழுக்காடு. சிரையின் முனையைத் தமனியின் பக்கவாட்டில் இணைத்தார்கள். தையல் முடித்துப் பிடியைத் தளர்த்தியதும், ரத்தம் பாய்கிறது என்பதற்கு அடையாளமான அதிர்வு வந்துவிட்டது.

மறுநாள் விரல்களை மெல்ல மடக்கி விரிப்பது மட்டும். தையல் பிரித்த இரண்டாம் வாரத்துக்குப்பின் பந்து. தினமும் காலையில் எழுந்ததும் மணிக்கட்டின்மேல் மறுகை விரல்களை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். பூனை உறுமும்போது அதன் முதுகைத் தொட்டதுபோல இருக்கும் என்று நான் வழக்கமாகச் சொல்வேன். அவர் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஷின் ஓடறப்ப மேஜைமேல கை வெச்ச மாதிரி இருக்கு" என்றார். இப்போது தைப்பவர்கள் யார் வந்தாலும் நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஆறாம் வாரம் ஸ்கேன் எடுத்தபோது எங்களுக்கு ஏமாற்றம். எளிதாக நினைவில் நிற்கும் ஒரு கணக்கு உண்டு: ஆறு வாரத்தில் 6 மி.மீ. அகலம், தோலிலிருந்து 6 மி.மீ.-க்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம். இவருக்கு அகலம் 4.6, ஓட்டம் 410. இணைப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே சிரை சுருங்கியிருந்தது. மணிக்கட்டு ஃபிஸ்டுலாவில் அடிக்கடி சுருங்கும் இடம் அதுதான். அறுவையின்போது சிரையை விடுவித்துத் திருப்பும் பகுதி. எந்தப் பயிற்சியும் அதைத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நோயாளி நொறுங்கிப்போனார். "அவ்வளவு கஷ்டப்பட்டு அமுக்கினேனே" என்றார். அவருடைய உழைப்பில் குறையில்லை என்று புரியவைக்க நெடுநேரம் ஆனது. ஃபிஸ்டுலா பழுப்பதே ஒரு கண்டம். அமெரிக்காவில் 877 பேரை வைத்து நடத்தி 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். மாத்திரையால் அடைப்பு குறைந்தது. ஆனால் இரண்டு குழுவிலும் சுமார் 60 விழுக்காடு ஃபிஸ்டுலாக்கள் டயாலிசிஸுக்குப் பயன்படும் நிலைக்கு வரவில்லை. அடைபடாமல் இருப்பது வேறு, பழுப்பது வேறு என்பதை அந்த ஆய்வு எங்கள் எல்லாருக்கும் உறைக்கும்படி சொன்னது. அதனால்தான் ஆறாம் வாரம் தவறாமல் பார்க்கச் சொல்கிறோம். சுருக்கம் அப்போது தெரிந்தால் சரிசெய்யலாம்.

பலூன் வைத்து விரித்தார்கள். நான்கு வாரம் கழித்து அகலம் 6.1 மி.மீ., ஓட்டம் 720, ஆழம் 4. பதினோராம் வாரம் முதல் ஊசி. மெல்லிய 17 கேஜ் ஊசி ஒன்று மட்டும், ரத்தம் திரும்பக் கதீட்டர் வழியாக, இயந்திரத்தின் பம்ப் வேகம் நிமிடத்துக்கு 200 மி.லி. அடுத்த வாரம் இரண்டு ஊசி. பிறகு சற்றுத் தடித்த 16 கேஜ், வேகம் 300. தொடர்ந்து ஆறு முறை தடையில்லாமல் ஓடியபின், பதினான்காம் வாரம் கழுத்திலிருந்து கதீட்டரை எடுத்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது

பயிற்சி இல்லாவிட்டாலும் இவருக்கு ஃபிஸ்டுலா கிடைத்திருக்கும், முழங்கையில். அது விரைவாகவே பழுத்திருக்கலாம், பலூனும் தேவைப்பட்டிருக்காது. அந்த வழியைத் தவறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வயது கூடியவருக்கு, இதயம் நன்றாக இருந்து கதீட்டரைச் சீக்கிரம் எடுக்க வேண்டிய அவசரமும் இருந்தால், நானே முழங்கையைத்தான் ஆதரிப்பேன். 54 வயதில், இன்னும் பல வருடம் டயாலிசிஸில் இருக்கப்போகிறவருக்கு ஓர் இடத்தை மிச்சம்பிடிப்பது முக்கியம் என்று இவருக்காக முடிவெடுத்தோம்.

நடைமுறையில் நாங்கள் மாற்றியது சில விஷயங்கள். ஃபிஸ்டுலா என்று முடிவான அன்றே, தேதி கிடைக்கும் முன்பே, கையைத் தேர்ந்தெடுத்து அட்டை கொடுக்கிறோம். சிறுநீரகச் செயல்பாடு இறங்கிக்கொண்டே வருபவர்களுக்கு டயாலிசிஸ் தொடங்கும் முன்பே இதைச் செய்ய முயல்கிறோம். அவர்களுக்கு ஆறு வாரம் அல்ல, பல மாதம் கிடைக்கும். ஸ்கேனை டயாலிசிஸ் முடிந்தபின் எடுப்பதில்லை. எடுத்த சூழ்நிலையைத் தாளிலேயே எழுதுகிறோம். பந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், முதல் வாரம் எங்கள் முன்னாலேயே செய்யவைத்து, விரல்கள் முழுவதும் விரிகின்றனவா என்று பார்க்கிறோம்.

"நரம்பே கிடைக்காது" என்று யாராவது சொன்னால், முதலில் கையைப் போர்வைக்குள் வைத்துக் காத்திருக்கச் சொல்கிறேன். அப்புறம் கட்டுப்பட்டையைக் கட்டி, ஸ்கேன் திரையை அவர் பக்கம் திருப்பி, சிரை எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொல்கிறேன். கறுப்பு வட்டமாக அது தெரியும்போது சிலர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்ப்பார்கள்.

இவருக்குக் கடைசியாக ஸ்கேன் எடுத்தது ஃபிஸ்டுலா செய்து ஒன்பதாம் மாதம். மணிக்கட்டு ஃபிஸ்டுலாவில் ஓட்டம் 780. அதே ஓட்டத்தால் விரிந்து, முழங்கைச் சிரை 4.8 மி.மீ. இருந்தது. அதில் இதுவரை யாரும் ஊசி போட்டதில்லை.